பள்ளிக்கூட ஸ்டாப்பில் ஏறியவர்கள்

பேய் ராத்திரியில்தான் வரும் என்கிறவர்கள் என் பஸ்ஸில் ஏறியதில்லை. இது பட்டப்பகலில் நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை.

நகரம் வீங்கிக்கொண்டே போவதால், எந்த பஸ் எங்கே ஓட வேண்டும் என்று புதுத் திட்டம் போட்டார்கள். ஆள் ஏறாத ரூட்டை நிறுத்திவிடுவார்களாம். அதற்காக ஒரு வாரம் கதவுக்கு மேலே சென்சார் வைத்து எண்ணினார்கள். அந்த டிரிப்பில் ஏறியவர்களின் மொத்தம் மட்டும் டிரைவர் சீட்டில் என் முன்னால் திரையில் தெரியும். அதை மாட்ட வந்த திட்டப் பிரிவுப் பெண்ணுக்கு டிப்போவில் 'எண்ணிக்கை மேடம்' என்று பெயர் வைத்தோம்.

என் மனைவி இருந்தவரை, பள்ளி விட்டதும் மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட ஸ்டாப்பில்தான் ஏறுவாள். ஏறியதும் என் பின்னால் இருக்கும் கண்ணாடித் தடுப்பை மோதிரத்தால் தட்டுவாள். டக்... டக். 'போலாம்' என்று அர்த்தம். போன வருஷம் காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. சாலையை அகலப்படுத்த அந்தப் பள்ளியையும் இடம் மாற்றிவிட்டார்கள். ஸ்டாப்பில் ஈ, காக்கைகூட இல்லை. ஆனாலும் பழக்கதோஷம், அங்கே நிறுத்திக் கதவைத் திறப்பேன்.

எண்ணிய வாரம் மகளுக்கும் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் என் அக்கா துணைக்கு இருந்தாள்.

திங்கட்கிழமை அந்த ஸ்டாப்பில் யாரும் ஏறவில்லை. ஆனால் திரையில் ஏழு... எட்டானது. கோளாறு என்று நினைத்தேன்.

செவ்வாயும் ஒன்று கூடியது. பின்னால்... டக்... டக்.

திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவாளோ என்றுதான் பயம்.

புதன். "நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். நிம்மதியாக வண்டி எடுத்தேன்.

மணி 3.40. பள்ளிக்கூட ஸ்டாப். கதவைத் திறந்தேன்.

டக்... டக்...

பிறகு, கண்ணாடியின் அடியில், என் இடுப்பு உயரத்தில்...

டக்.

அம்மாவைப் பார்த்து மகளும் அப்படித்தான் தட்டுவாள்.

திரும்பினேன். முன் சீட்டுகள் காலி.

போன் அடித்தது. அக்கா.

"டேய்... வண்டிய ஓரமா நிறுத்துடா."

"என்னக்கா?"

"நிறுத்துடா முதல்ல."

அதற்குமேல் அழுகைதான் கேட்டது.

ஒரு மாதம் கழித்து எண்ணிக்கை மேடம் டிப்போவுக்கு வந்தாள். என் வீட்டில் நடந்தது அவளுக்குத் தெரியாது.

"உங்க ரூட்டை நிறுத்தலண்ணா. ஆனா ஒண்ணு புரியல. பள்ளிக்கூட ஸ்டாப்ல, கேமராவுல யாருமே இல்ல. சென்சார்ல திங்கள், செவ்வாய் ரெண்டு நாளும் ஒருத்தர் ஏறியிருக்காங்க. புதன்கிழமை ரெண்டு பேர்."

"ரெண்டு பேரா?"

"ஆமாண்ணா. அது உயரத்தையும் பார்க்கும். ஒருத்தர் பெரியவங்க... ஒரு குழந்தை."

இன்றும் அந்த ஸ்டாப்பில் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கிறேன். கண்ணாடியை யாரும் தட்டுவதில்லை. பாவி மனசு, அவள் என்னைப் பார்க்கத்தான் வந்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தது.