ஏகாம்பரத்தின் தகர வில்லையும் எண்ணூர் அக்கரையும்

எண்ணூர் உப்பங்கழியைப் பார்க்கப் போகிறோம், வழி சொல் என்று நண்பர்கள் இரண்டு பேர் கேட்டார்கள். நான் அங்கே ஊர் சுற்றிப் பார்க்கப் போனவன் இல்லை. 1941 சித்திரையில் சர்க்கார் அனுப்பிப் போனவன். ஆனாலும் வேலையைவிட வேடிக்கையில்தான் எனக்கு எப்போதும் நாட்டம் என்பதால் வழி நன்றாகவே ஞாபகம் இருக்கிறது.

அப்போது நான் துறைமுகத்தில் தற்காலிக குமாஸ்தா. மழைக்காலத்தில் உப்பள வேலை நின்றுவிடும். அந்த நாலு மாதமும் எண்ணூர்ப் பக்கத்து ஆட்கள் ஒரு மேஸ்திரியின் கீழ் கூட்டமாகக் கப்பலேறி, பர்மாவில் நெல் அறுத்துவிட்டுத் திரும்புவார்கள். போகும்போது ஆளுக்கொரு எண் போட்ட தகர வில்லையைக் கழுத்தில் கட்டிவிடுவோம். திரும்பி இறங்கும்போது வாங்கிக்கொள்வோம். வில்லை வந்தால் ஆள் வந்ததாகக் கணக்கு. எல்லா வில்லையும் திரும்பினால்தான் மேஸ்திரிக்கு மறு வருஷ லைசென்ஸ். இந்தக் கணக்கு சரிதானா என்று ஒரு குப்பத்துக்குப் போய் ஆட்களை நேரில் பார்த்துவரச் சொன்னார்கள்.

ராயபுரத்தில் காலை ஆறரை பாசஞ்சர். எண்ணூர் சுமார் பத்து மைல், மூன்றாம் வகுப்பு மூன்றணா. வலது பக்கம் உட்காருங்கள், கடல் அந்தப் பக்கம்தான். தண்டையார்பேட்டை தாண்டும்வரை கரிப்புகைதான் சாப்பாடு. திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் திமுதிமுவென்று இறங்கிப் போனதும் பெட்டி காலியாகிவிட்டது. அதற்கப்புறம் நான் தூங்கினேனா, விழித்திருந்தேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது. ஜன்னலில் மணலும் தாழம்புதரும் போய்க்கொண்டே இருந்தன.

எண்ணூரில் இறங்கி அரை மணி மணலில் நடந்தால் படகுத்துறை. கட்டணம் அரையணா. காலை மூட்டம் இன்னும் கலையவில்லை. அக்கரையில் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள் மிதந்தன. படகு நகர்கிறதா, குவியல்கள் நகர்கின்றனவா என்று எனக்குக் குழப்பம். இப்படியே போய்க்கொண்டே இருந்தால் நன்றாக இருக்குமே என்று கண்ணை மூடினேன்.

"தூங்கிடாத நைனா. வுயுந்தா முட்டியளவு தண்ணிதான், ஆனா சேறு உடாது" என்றார் படகுக்காரர்.

குப்பத்தில் மேஸ்திரி இளநீரோடு காத்திருந்தார். பர்மாவுக்குப் போய்வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். நான் பேரைச் சொல்ல ஒவ்வொருவரும் முன்னால் வந்து கும்பிட்டார்கள். "ஏகாம்பரம்" என்றேன். வாட்டசாட்டமான ஒருவர் வந்தார். பக்கத்தில் ஏகாம்பரத்தின் மனைவி தேசம்மா நின்றாள்.

"இவர்தானேம்மா உன் வீட்டுக்காரர்?"

தேசம்மா தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பேரை வாயால் சொல்லாத பெண்கள். வெட்கப்படுகிறாள் என்று நான் நினைத்தேன். பேருக்கு நேரே குறி போடப் பென்சிலை எடுத்தேன்.

"குறி போட்டா இன்னா ஆவும் சார்?" என்று கேட்டாள்.

"ஆள் ஊர் திரும்பியாச்சுன்னு அர்த்தம். அந்த நம்பர் முடிஞ்சுதும்மா."

"அப்பால அந்தப் பேர்ல யாராச்சும் அங்கேர்ந்து கப்பல் ஏற முடியுமா?"

"வந்தவர் மறுபடி எப்படிம்மா வருவார்?" என்று சிரித்தேன். கூட யாருமே சிரிக்கவில்லை.

"கம்முனு கெட தேசம்மா. இருபது வூட்டு சோறு இது" என்றார் மேஸ்திரி.

அவள் நிமிர்ந்தாள். "ஏகாம்பரம் வரல சார்" என்றாள். பின்னாலிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள்: "ஏகாம்பரம் அங்கதான் கீறாரு. இவரு பக்கத்து வூட்டு அண்ணன்."

மேஸ்திரி மணலில் உட்கார்ந்துவிட்டார். "ரங்கூன் ஆஸ்பத்திரில காய்ச்சலா கெடந்தான் சார். கப்பல் நமக்காவ நிக்குமா? ஒரு வில்லை கொறஞ்சாலும் லைசென்ஸ் பூடும். அவன் கயுத்து வில்லைய கயட்டிகினு வந்துட்டேன். அடுத்த கப்பல்ல வந்துடுவான்னு நெனச்சேன்."

வில்லை இல்லாமல் எந்தக் கப்பலில் ஏற்றுவார்கள்? எங்கள் கணக்கில் அவர் சென்னையில் இறங்கியாகிவிட்டது. காய்ச்சல் விட்டு எழுந்த அந்த மனிதர் அங்கே துறைமுக வாசலில் நின்று என்னவென்று மன்றாடியிருப்பார்? "திரும்பவில்லை" என்று எழுதினேன்.

படகுத்துறை வரைக்கும் தேசம்மா மட்டும்தான் வந்தாள். "வந்துடுவாரா சார்?" என்றாள். "எழுதியிருக்கேம்மா" என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறினேன்.

ஆவணியில் ஏகாம்பரம் எலும்பும் தோலுமாக வந்து இறங்கினார். மேஸ்திரிக்கு லைசென்ஸ் போயிற்று. இருபது வீட்டு வாயில் மண்ணைப் போட்டவள் என்று குப்பமே தேசம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டது என்று படகுக்காரர் மூலம் அறிந்தேன். நான் எழுதியது சரிதானா என்று பல நாள் குழம்பியிருக்கிறேன்.

நீங்கள் போவதானால் பத்து மணிக்குள் அக்கரை சேர்ந்துவிடுங்கள். வெயில் ஏறினால் உப்பில் கண் கூசும். குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டு போங்கள், அங்கே நல்ல தண்ணீர் தலைச்சுமையாக வருவது. மத்தியானக் காற்று எழும்பினால் படகு கிடையாது. உப்பு வேலை நடப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் மழைக்காலத்தில் போகாதீர்கள்.

நானே ஒரு தடவை மழைக்காலத்தில்தான் போனேன். அந்த மார்கழியில் ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்ததாகச் சேதி வந்த வாரம் அது. லைசென்ஸ் போனதால் அந்த வருஷம் பர்மாவுக்குக் கப்பலேறாத குப்பத்து ஆண்கள் இருபது பேரும் வேலையில்லாமல் ஒரு கொட்டகையில் ஒதுங்கிச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஏகாம்பரமும் அதில் இருந்தார். மழையில் முக்காடு போட்டுக்கொண்டு, தேசம்மாவின் வீட்டு வாசலில் மேஸ்திரியின் மனைவி நின்றிருந்தாள். எட்டு மாதமாகப் பேசாதவள்.

"தேசம்மா, கதவத் தொறம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.