இரண்டாவது துளை

கிளாட்சன் செய்த தேய்ப்புப் பலகை பெரிய கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. கடையில் விற்கும் பலகைக்கு இரண்டு பக்கமும் கால் இருக்கும். இதற்கு ஒரு முனையில் மட்டும்தான் கால். மறுமுனை அந்தரத்தில் நீண்டு நிற்கும். தலையணைக்கு உறை போடுவதுபோல அந்த முனை வழியாகப் பாவாடையை முழுசாக மாட்டிவிடலாம். முன்பக்கம் தேய்க்கும்போது பின்பக்க மடிப்பு கலையாது. நுனியில் நாலைந்து துணிக் கிளிப்புகள், மடிப்பைப் பிடித்துக்கொள்ள. அவ்வளவுதான். இதற்காக ஒரு மனிதன் இரண்டு மாதம் அயினி மரப் பலகையை அறுத்தும் இழைத்தும் கொண்டிருந்தான் என்றால், அவன் வேறெதையோ தேடிக்கொண்டிருந்தான் என்றுதான் கொள்ள வேண்டும்.

ஷார்ஜாவில் ஒரு லாண்டரியில் பதினெட்டு வருடம் துணி தேய்த்தவன் அவன். நின்று நின்று கால் நரம்புகள் மண்புழுபோலச் சுருண்டுகொண்டன. ஆபரேஷனுக்கு ஊருக்கு வந்தான். ஆறு மாதத்துக்குள் திரும்பினால் வேலை இருக்கும், தாண்டினால் விசா போய்விடும் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டாம் மாதமே கால் ஆறிவிட்டது. இறுக்கமான காலுறை போட்டுக்கொண்டு இனி நிற்கலாம் என்றார் டாக்டர்.

போக அவனுக்கு மனமில்லை. மார்த்தாண்டத்தில் சின்னதாக ஒரு தேய்ப்புக் கடை போட்டால் சோற்றுக்குப் பஞ்சமில்லை. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் ரப்பர் மரமும் நின்றது. ஆனால் அதை அவன் வாயால் சொல்ல முடியவில்லை. 'போகாண்டாம்' என்று மனைவி பெமிலா ஒரு தடவை சொன்னால் போதும் என்று காத்திருந்தான்.

அவளோ சொல்கிற மாதிரி தெரியவில்லை. திருவட்டாறு பேங்குக்கும் மகள் ஜினிஷாவின் பள்ளிக்கூட மீட்டிங்குக்கும் அவளே ஸ்கூட்டரில் போய் வந்தாள். மோட்டார் கெட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும். பதினெட்டு வருடத்தில் அந்த வீடு அவன் இல்லாமல் நடக்கப் பழகியிருந்தது. அவனுக்கென்று அதில் ஒரு வேலைகூட மிச்சமிருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவன் ஒன்றைக் கண்டுபிடித்தான். மறுநாள் சபைக்குப் போகும் துணியும் திங்கட்கிழமைக்கான யூனிபார்மும் பெமிலா அன்றுதான் தேய்ப்பாள். கட்டிலில் போர்வையை விரித்து, தரையில் முட்டுக்குத்தி நின்று, இருபத்துநாலு மடிப்புப் பாவாடையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இப்பிடியா தேய்க்கிறது?"

"நீங்க அங்க கண்டவனுக்க துணிய எல்லாம் நின்னு தேய்ச்சப்பம், நான் இங்க இப்பிடித்தான் தேய்ச்சேன்."

மறுநாள் ஆராதனை முடிந்ததும் பக்கத்து வீட்டு ஆசாரி தங்கையனிடம் போய் மரம் அறுக்கும் வாள் கேட்டான். தங்கையன் அவன் வரைந்து கொண்டுபோன பலகையின் படத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஏலே கிளாட்சா, ஒத்தக் கால்ல நிக்க இது என்ன கொக்கா?"

"நிக்கும் மாமா."

"கொக்கு நிக்கும். இது விழும்."

அது விழவும் செய்தது. தேய்ப்புப்பெட்டி தரையில் குப்புற விழுந்து ஒரு டைல்ஸ் பிளந்தது. மதிலுக்கு அப்புறமிருந்து தங்கையனின் சிரிப்பு கேட்டது. அடிக்கட்டையைப் பலகைக்கு நேர் கீழே நீளமாக இழுத்த பிறகுதான் அது அசையாமல் நின்றது. துணியை மாட்டவும் சுற்றவும் நடுவில் இடம் தாராளமாக இருந்தது.

முதல் பாவாடையை அவனே தேய்த்துக் கொடுத்தான். பெமிலா அதற்குள் கையை விட்டு, மடிப்புகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணினாள்.

"கொள்ளாம்" என்றாள்.

அவள் லேசில் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்பவள் அல்ல. பிறகு தானும் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தாள். முழங்கை தோளுக்கு ஏறியது. "இது ஒட்டகச்சிவிங்கிக்குச் செஞ்சதா?" என்று சிரித்தாள்.

"நான்தானே தேய்க்கப்போறேன்."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "ஆங்" என்றாள்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமைகளைப்போல நாட்கள் அவன் வாழ்வில் அதிகம் இருந்ததில்லை. அவன் தேய்ப்பான், அவள் எதிரே உட்கார்ந்து மடித்து அடுக்குவாள். யார் வீட்டுக் கல்யாணம், யாருக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை என்று பேச்சு ஓடும். சுடுதுணியின் ஆவி இருவருக்கும் நடுவில் எழும்பும். இருபது வருடத் தாம்பத்தியத்தில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் வேலை அது.

ஐந்தாம் மாதக் கடைசியில் முதலாளியின் போன் வந்தது. பெமிலா பக்கத்தில்தான் நின்றாள். ஒரு வாரம் அவன் காத்திருந்தான். ஒரு வார்த்தை வரவில்லை. எட்டாம் நாள், துளைபோடும் மெஷினைத் தங்கையனிடம் வாங்கி வந்து, பலகை நிற்கும் தூணில் முதல் துளைக்கு ஏழு அங்குலம் கீழே இரண்டாவது துளை ஒன்று போட்டான். பலகையைத் தாங்கும் ஆணியை உருவி அதில் சொருகினால் பலகை பெமிலாவின் இடுப்பளவுக்கு இறங்கிவிடும்.

இது எதற்கு என்று கேட்பாள். கேட்டால் மனதிலுள்ளதைச் சொல்லிவிடலாம். இதுதான் அவன் போட்ட திட்டம். மனிதர்கள் கேள்வியைப் பொருளில் செய்து வைக்கிறார்கள். எதிரே இருப்பவர் அதைக் கேள்வியாகவே படிப்பார் என்றும் நம்பிவிடுகிறார்கள்.

"இது எதுக்கு?" என்று அவள் கேட்கத்தான் செய்தாள்.

"உனக்கு எட்டாண்டாமா?" என்றான் கிளாட்சன். திட்டமிட்ட மீதி வார்த்தைகள் தொண்டையைத் தாண்டவில்லை.

"ம்" என்று சொல்லிவிட்டு அவள் துணிக்கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அந்த 'ம்'மை அவன் சம்மதமாக எடுத்துக்கொண்டான். பத்து நாளில் திருவனந்தபுரத்திலிருந்து விமானம் ஏறினான்.

ஷார்ஜாவில் மூன்றாவது சனிக்கிழமை. சாப்பாட்டு இடைவேளையில் வீடியோவில் அழைத்தான். ஜினிஷா போனைப் பிடித்திருந்தாள். பின்னால் பெமிலா நின்று பாவாடை தேய்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு ஏதோ உறுத்தியது. அவள் தலை சுவரிலிருந்த சபை காலண்டருக்கு நேராக நின்றது. அத்தனை உயரம் அவள் இல்லை.

"மக்கா, போனைக் கொஞ்சம் கீழ காட்டு."

போன் இறங்கியது. பலகை பழைய உயரத்தில்தான் இருந்தது. ஆணி மேல் துளையில். பெமிலா இரண்டு மணைப்பலகைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு அதன்மேல் ஏறி நின்றாள். அப்படியும் கை மேலே தூக்கித்தான் இருந்தது.

"ஏட்டி, அந்த ஆணிய உருவி கீழ போட்டா போதும். தெரியாதா?"

"தெரியும்."

"பின்ன?"

"இது நீங்க நின்ன ஒயரம். இருக்கட்டு."

ஜினிஷா போனை எதிரே ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு நைசாக வெளியே போனாள்.

"கை வலிக்காதா?" என்றான்.

"வலிக்கும்."

அவனுக்குப் பின்னால் கம்பி நிறைய யார் யாருடையவோ பாவாடைகள் வரிசையாகத் தொங்கின. அங்கே ஒரு மெஷின் ஆவியைச் சீறிவிட்டு அடங்கியது.

"அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லப்பிடாதா பெமிலா? போகாண்டாம்னு?"

"நீங்க போறதுக்குத்தானே எனக்குத் துளை போட்டிய? அத கண்டபொறவு நான் என்ன சொல்ல?"

அவள் பாவாடையை ஒரு சுற்றுச் சுற்றி அடுத்த மடிப்பை எடுத்தாள்.

"நான் வரட்டா?" என்றான். ஆறு மாதம் தொண்டையில் கிடந்தது இவ்வளவு சின்னதாக வெளியே வந்தது அவனுக்கே வெட்கமாக இருந்தது. "விசா கேன்சல் அடிச்சாலும் ரெண்டு மாசம் ஆவும். எடத்துக்கு ஆளு வரணும்."

பெமிலா தேய்ப்புப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். தோளைப் பிடித்து மெல்ல நீவிவிட்டுக்கொண்டாள். பிறகு மறுபடியும் பெட்டியைக் கையில் எடுத்தாள்.

"அதுவர கை தாங்கும்" என்றாள்.