இன்னும் வராத துவக்கைப் பற்றி ரயிலில் கதைத்தது

அந்தக் குளிர்காலம் முழுக்க ஓஸ்லோவில் எங்கள் துப்பாக்கி சுடும் கழகத்தில் ஒரே கதைதான். பெயர்பெற்ற கம்பனி ஒன்று புதிதாகக் கைத்துவக்கு ஒன்று செய்கிறதாம். பார்க்க வழமையான ஒன்பது மில்லிமீற்றர் துவக்கு மாதிரித்தான் இருக்குமாம், ஆனால் பத்து மில்லிமீற்றர் தோட்டா போடலாமாம். ஒரு மில்லிமீற்றரில் என்ன இருக்கிறது என்று சுடாதவர்கள் கேட்பார்கள். ஒன்பது கையைக் குலுக்கும், பத்து கையை முறுக்கும். கழகத் தலைவரின் பழைய, இரும்புக் கட்டி போன்ற பத்து மில்லிமீற்றர் துவக்கை ஒருநாள் சுட்டுப் பார்த்தேன். பிறகு இரண்டு நாள் மணிக்கட்டு நொந்தது. மூன்றாம் நாள் தொடக்கம் அதைத் தவிர வேறொன்றும் யோசிக்க முடியவில்லை. அந்தப் பலம் கைக்கு அடக்கமான துவக்கில் வருகிறதென்றால் யாருக்குத்தான் நித்திரை வரும்?

படத்தைக் கண்டவர் ஒருவருமில்லை. இணையத்தில் ஒருவன் சொன்னதை இன்னொருவன் சொல்ல, அதை நான் நோர்வேஜிய மன்றத்தில் மொழிபெயர்த்துப் போட, அதையே இன்னொருவன் எனக்குப் புதுச் செய்தியாகத் திருப்பி அனுப்புவான்.

எனக்கு அப்போதுதான் இருபத்தொரு வயதாகியிருந்தது. நோர்வேயில் நினைத்த மாதிரிக் கடைக்குப் போய்த் துவக்கு வாங்க முடியாது. கழகத்தில் சேர வேண்டும், பாதுகாப்பு வகுப்பு முடிக்க வேண்டும், ஒழுங்காக வந்து சுட வேண்டும், கழகம் பரிந்துரைக்க வேண்டும், அதற்குப் பிறகும் ஒவ்வொரு துவக்குக்கும் பொலிஸ் அனுமதி வேண்டும். பெரிய கலிபருக்கான, அதாவது அந்த வரப்போகிற பத்துக்கான, என் விண்ணப்பம் பொலிசின் ஆயுதப் பிரிவில் கிடந்தது. ஆள் தகுதியானவனா என்று பார்ப்பார்கள். சின்ன முறைப்பாடு ஒன்று போதும், எல்லாம் முடிந்துவிடும்.

வீட்டில் வேறு பிரச்சினை. அம்மா ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. அப்பா கதைத்தார்.

"துவக்குப் பெட்டகத்தை எங்கை வைக்கப் போறாய்? மாதா படத்துக்குக் கீழயோ?"

"என்ர அறைக்குள்ள அப்பா. சுவரோட பூட்டவேணும்."

"அப்ப மாதா தப்பியிட்டா," என்றார். அதை நான் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

கழகத்தில் என்னைத் தவிர இன்னொரு தமிழன் இருந்தான். திருச்சிக்காரன், மென்பொருள் வேலைக்கு வந்தவன். முதல்நாள் நான் "உங்கட துவக்கு எது?" என்று கேட்க, "எதைத் துவக்கணும் பாஸ்?" என்று திருப்பிக் கேட்டவன். நான் கதைக்கும்போது பெயர்ச்சொல்லெல்லாம் நோர்வேஜியத்தில் வந்து விழும். அவன் பேசினால் எல்லாம் ஆங்கிலம். என் தமிழ் பாதிதான் விளங்குகிறது என்பான், நானும் அதையே அவனுக்குச் சொல்வேன். துவக்கென்று வந்தால் மட்டும் இருவருக்கும் எல்லாம் விளங்கும்.

ஒரு சனிக்கிழமை காலைப் பயிற்சி முடித்து ஹவுகெட்டோவில் ரயில் ஏறினோம். ஓஸ்லோ மத்திய நிலையத்தில் ஒருவனைச் சந்திப்பதாக ஏற்பாடு. பக்கத்து நகரமான திராமன்காரன், இணைய மன்றத்தில் மட்டும் தெரிந்தவன். இறக்குமதி செய்கிற ஒருவரிடமிருந்து அந்தத் துவக்கின் படம் தன்னிடம் வந்திருப்பதாக எழுதியிருந்தான். பயிற்சிப் பையை என் காலடியில் வைத்திருந்தேன். துவக்கு இல்லை, அது கழகத்தின் இரும்புக் கதவுக்குள்ளே. காதுமூடி, கண்ணாடி, ஓட்டை விழுந்த இலக்குத் தாள்கள், மன்றத்திலிருந்து அச்செடுத்த பக்கங்கள், இவ்வளவுதான்.

ரயிலில் தமிழ் கதைப்பதென்றால் எங்களுக்குக் கதவைப் பூட்டிக்கொண்டு கதைக்கிற மாதிரி. ஒருவருக்கும் விளங்காது என்ற துணிவு. முன்னால் இருக்கிறவரின் மூக்கைப் பற்றி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கதைப்போம். அதுவும் ஊருக்கே கேட்கிற குரலில்.

"உன் ட்ராமன் ஆள் வருவானா மச்சி?"

"ஓம், க்ளொக்கா தூ, ஓஸ்லோ எஸ். பெரிய மணிக்கூட்டுக்குக் கீழ நிக்கிறானாம்."

"சாட்டர்டே டூ ஓ க்ளாக்னா செம க்ரவுட் இருக்குமே. எப்படிக் கண்டுபிடிப்ப?"

"சிவப்புத் தொப்பியாம். மச்சான், அந்தப் பிஸ்தூல் உண்மையா வந்தா, மகசீனுக்குள்ள ஃபெம்தன் ஸ்குத் போகுமாம்!"

"ஃபிப்டீன் ஷாட்ஸா? அடிச்சு விடாத. டென் எம்எம் ஒண்ணொண்ணும் குண்டா இருக்கும். அந்த பவருக்கு உன் கை தாங்குமா? நேத்து இடியாப்பப் பாத்திரத்தையே ரெண்டு கையால தூக்கினவன் நீ."

"அது சொதியோட இருந்தது!"

எதிர் வரிசையில் ஒரு பெண், தள்ளுவண்டியில் குழந்தை. காது மடல் வைத்த மஞ்சள் தொப்பி போட்டிருந்தது. "அந்தப் பிள்ளை உன்னையே பாக்குது, ஒருக்காச் சிரியன்," என்றேன். அவன் சிரித்துக் கையும் காட்டினான். லியான் நிலையம் வர, அந்தப் பெண் எழும்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போனாள்.

"பாவம், பாப்பாவுக்குத் தூக்கம் போல," என்றான்.

நாங்கள் சுடும்போது துவக்குத் தரும் பின்னுதைப்பைப் பற்றி வாதாடிக்கொண்டே போனோம். நூர்ட்ஸ்ட்ராண்ட் தாண்டி, கடல் தெரிகிற இடத்தில் ரயில் நின்றுவிட்டது. சமிக்ஞைக்குக் காத்திருக்கிறோம் என்று ஒலிபெருக்கி சொன்னது. பெட்டியின் கடைசித் தொங்கலில் பரிசோதகர் நின்றார். நான் ரிக்கற்றை எடுத்து நீட்டினேன், அவர் வரவில்லை. ஜன்னலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், எங்களை மட்டும் பார்க்கவில்லை. நான் திரும்பினேன். எங்கள் பக்கத்தில் ஒருவருமில்லை. ஒரு கிழவர் மட்டும் தன் பனிச்சறுக்குக் கட்டையை இழுத்துக்கொண்டு கதவால் மெதுவாக நழுவிக்கொண்டிருந்தார்.

தனியாக விடப்பட்ட பையைக் கண்டால் ஆட்கள் எழும்பிப் போகிற ஆண்டுகள் அவை. ஐரோப்பாவில் வேறு நகரங்களின் ரயில்களில் குண்டு வெடித்து அதிக காலமாகவில்லை.

நாங்கள் கதைத்ததை மனதுக்குள் ஒருமுறை திரும்பக் கேட்டுப் பார்த்தேன், தமிழை மட்டும் கழித்துவிட்டு. பிஸ்தூல். பதினைந்து சூடு. ஓஸ்லோ மத்திய நிலையம். இரண்டு மணி. கூட்டம். பவர்.

அவன் பக்கம் சாய்ந்தேன்.

"மச்சான், வாயை மூடு."

"என்னாச்சு?"

"நாங்கள் கதைச்சதில தமிழ் மட்டும்தான் இவையளுக்கு விளங்கேல்ல. மிச்சமெல்லாம் விளங்கியிருக்கு."

அவன் முகம் ஒவ்வொரு சொல்லாக எண்ணிப் போவதைப் பார்த்தேன். பிறகு என் பையை நோக்கிக் குனிந்தான். "அந்தப் பேப்பரை சீட்டுக்கு அடியில தள்ளிடவா?"

"பையைத் தொடாத! கையை முழங்காலில வை. தெரியிற மாதிரி வை."

"நான் என்னடா பண்ணேன்? குழந்தைக்கு ஹாய் சொன்னேன்!"

"அதுவும்தான்."

ரயில் அசைந்து மெல்ல ஊர்ந்தது. இருவரும் நான்கு கைகளையும் முழங்காலில் வைத்தபடி, பாலர் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி இருந்தோம். எனக்குப் பொலிசைவிட விண்ணப்பம்தான் நினைவில் ஓடியது. ஒரு வரி எழுதினால் போதும். 'ரயிலில் பயணிகளை அச்சுறுத்தியவர்.' அதற்குப் பிறகு பத்தும் இல்லை, ஒன்பதும் இல்லை.

மத்திய நிலைய மேடையில் நான்கு பொலிசார் நின்றார்கள். எங்கள் பெட்டிக் கதவு மட்டும் திறந்தது. வெளியே வரச் சொன்னார்கள், பையை உள்ளேயே விடச் சொன்னார்கள். ஒருவர் கையுறையோடு உள்ளே போய், நெடுநேரம் குனிந்திருந்து, இலக்குத் தாளோடு வெளியே வந்தார். நடுவில் ஓட்டைகள்.

"இது என்ன?"

கழகம், பயிற்சி என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் சொன்னது: "அந்தக் கிட்டக் கிட்ட இருக்கிற மூன்றும் என்னுடைய கடைசிச் சூடுகள். இன்றைக்குத்தான் அப்படி விழுந்தது."

திருச்சிக்காரன் தமிழில் முனகினான். "கடவுளே, இவனுக்கு மெடல் வேணுமாம்."

அந்தப் பெண்ணையும் கூட்டிவந்தார்கள். தான் கேட்டதை ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒரு சொல்கூடப் பிழையில்லை. அவள் விரல்கள் தள்ளுவண்டியின் பிடியில் வெள்ளையாக இறுகியிருந்தன. "என் பிள்ளையைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்கள்," என்றபோது குரல் உடைந்தது. "பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னேன்," என்று அவளிடம் சொன்னேன். உண்மைதான். அந்த இடத்தில் அது எவ்வளவு பயங்கரமாகக் கேட்டது என்று சொல்லி முடித்த பிறகுதான் விளங்கியது.

மூத்த பொலிஸ்காரர் கழகத் தலைவருக்குத் தொலைபேசி எடுத்தார். தலைவர் துவக்குச் சத்தத்துக்குக் காது பாதி கொடுத்தவர், கத்தித்தான் கதைப்பார். மேடை முழுக்கக் கேட்டது. "அவனா? ஆபத்தில்லை! வாய்தான் ஓயாது!" பிறகு இன்னும் உரக்க, "திராமன்காரன் வந்தானா என்று கேட்டுச் சொல்லு!"

திராமன்காரன் வந்திருந்தான். படிக்கட்டின் உச்சியில் ஒரு சிவப்புத் தொப்பி தெரிந்தது. எங்களையும் பொலிசையும் ஒருமுறை பார்த்தது. பிறகு இல்லை.

எங்களைப் போகவிட்டார்கள். மூத்தவர் பையைத் தரும்போது, "உன்னுடைய விண்ணப்பம் ஒன்று இருக்கிறதுபோல," என்றார். "இதை நான் எழுதத்தான் வேண்டும். அதே பிரிவுக்குத்தான் போகும்." கோபமில்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

வீட்டில் சொல்லவில்லை. தபால்பெட்டி திறக்கிற சத்தம் கேட்டால் நான்தான் முதலில் ஓடினேன். கடைசியில் தொலைபேசிதான் வந்தது. நேரில் வரச் சொன்னார்கள்.

ஆயுதப் பிரிவில் இருந்தவர் ஒரு பெண் அதிகாரி. மேசையில் அந்த அறிக்கை. "இங்கே ஆறேழு சொற்கள்தான் இருக்கின்றன. மிச்சத்தைச் சொல்லுங்கள். முழுவதும், நோர்வேஜியத்தில்."

சொன்னேன். சிவப்புத் தொப்பி, இடியாப்பப் பாத்திரம், சொதி என்றால் தேங்காய்ப்பால் குழம்பு என்பது, பாத்திரம் ஏன் பாரமாக இருந்தது, குழந்தையின் தொப்பியின் காது மடல், தோட்டா ஏன் பதினைந்து போகாது. வியர்த்து ஒழுகியது. ஒரு இடத்தில் என்னை மறந்து பின்னுதைப்பைக் கையால் காட்டினேன், உடனே கையை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை.

"நீங்கள் கேட்டிருக்கிற துவக்கு எங்கே விற்கிறார்கள்?"

"இன்னும் வரவில்லை."

"வரும் என்று யார் சொன்னது?"

எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன்.

அவர் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: ரயிலில் கதைத்தது குற்றமில்லை. ஆனால் அந்தப் பெண் பயந்ததும் பொய்யில்லை. பெரிய கலிபருக்கு இப்போது அனுமதி கிடையாது. இருபத்திரண்டு கலிபர் தருகிறேன், ஆறு மில்லிமீற்றர்கூட வராத ஆகச் சின்னது. ஒரு வருடம் அதில் சுடுங்கள். உங்கள் பெயரில் இப்படி இன்னொரு அறிக்கை வராவிட்டால் திரும்ப விண்ணப்பியுங்கள். வந்தால், இருபத்திரண்டையும் திருப்பி எடுப்போம்.

"தக்," என்று நன்றி சொல்லி எழும்பினேன்.

திரும்பும் ரயில் நிறையச் சனம். நின்றுகொண்டிருந்தேன். நூர்ட்ஸ்ட்ராண்ட் தாண்டக் கைபேசி அடித்தது.

"என்னடா ஆச்சு?" திருச்சிக்காரன்.

"சின்னது கிடைச்சிருக்கு."

"எவ்ளோ சின்னது?"

சுற்றிப் பார்த்தேன். "ஆகச் சின்னது."

"அய்யய்யோ, கொசு அடிக்கிறதா! சரி விடு, மேட்டர் கேளு. புது நியூஸ் வந்திருக்கு. ஜெர்மனில ஒரு கண்காட்சில அதைக் கையில வச்சே பாத்திருக்கான் ஒருத்தன். கம்பனி பேர் சொல்லவா? பேரலோட நீளம்..."

"பொறு."

"ஃபோட்டோ இருக்குடா!"

"பொறெண்டு சொன்னனெல்லே!"

பக்கத்தில் நின்ற பெண் நிமிர்ந்து பார்த்தாள். நான் புன்னகைக்கப் போய், நிறுத்திவிட்டு, தரையைப் பார்த்தேன். எங்கள் நிலையம் லியானுக்கும் அடுத்தது. அதுவரை என் வாயை நம்ப முடியவில்லை. லியானில் கதவு திறக்கக் குதித்து இறங்கினேன். பனியும் மழையும் சேர்ந்து கொட்டியது. மேடையில் ஒரு குருவியுமில்லை. ரயில் போய், அதன் சத்தமும் போகும்வரை கைபேசியை நெஞ்சோடு பொத்திக்கொண்டு நின்றேன்.

பிறகு காதில் வைத்தேன். "இப்பச் சொல்லு. ஆர் பாத்தது?"