தமிழ்ச்செல்வி தட்டைத் தொடவில்லை

தமிழ்ச்செல்வி தன் தாயின் தம்பி ரமேஷ்குமாரைக் கட்டிக்கொண்டவள். குமாரபாளையத்தில் லுங்கித் தறி ஓட்டும் அந்தச் சொந்தத்துக்குள் பெண் கொடுப்பதும் எடுப்பதும் உள்ளுக்குள்ளேயே நடக்கும். தூக்கி வளர்த்த மாமனே கணவனாக வந்ததில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. மூத்தவள் அபிநயா நன்றாகத்தான் பிறந்தாள். இளையவள் யாழினிக்குத்தான் வெயில் ஆகவில்லை.

நடை பழகும் முன்பே அந்தக் குழந்தையின் முகம் சிவந்து கொப்புளம் கட்டியது. பிறகு கன்னமெல்லாம் கரும்புள்ளிகள். உடம்பில் சத்தில்லை, இளவெயில் படட்டும் என்றார்கள் வீட்டில். எண்ணெய் தேய்த்து வாசலில் உட்காரவைத்தாள் தமிழ்ச்செல்வி. சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போன பிறகுதான் நோயின் பெயர் தெரிந்தது. பெயர் வாயில் நுழையவில்லை. விளக்கம் நுழைந்தது.

“வெயில் எல்லாரோட தோலையும்தாம்மா கெடுக்குது. ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் டிஎன்ஏன்னு ரெட்டை இழை இருக்கு. அதுல ஒரு இடம் கெட்டா, செல்லே கண்டுபிடிச்சு அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துடும். எதிர் இழையைப் பார்த்து அந்த இடத்தைத் திரும்ப நிரப்பிடும். தினமும் நமக்குத் தெரியாம நடக்குற வேலை. உங்க பாப்பாவுக்கு அது நடக்கலை.”

“கெட்டது அப்படியே நின்னுக்குங்களா?”

“நின்னாப் பரவாயில்லையே. செல் பெருகுறப்ப தப்பும் சேர்ந்து பெருகும். கட்டியா வரும்.”

தறிக்காரிக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் அறுந்த இழையைக் கவனிக்காமல் ஓட்டினால் அந்தக் கோடு துணியின் கடைசிவரை வரும்.

ஜன்னல்களுக்கெல்லாம் கருநீலத் துணி தைத்து மாட்டினாள். யாழினியின் வெளியுலகம் பொழுது சாய்ந்த பிறகுதான். முகத்தில் கட்டி வந்த ஒவ்வொரு முறையும், அதை வெட்டியெடுக்க விடியும் முன்பே காரில் அழைத்துப் போனவர் தமிழ்ச்செல்வியின் அண்ணன் செங்கோடன். திரும்பும்போது வெயில் ஏறியிருக்கும். போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொள்வார்.

“என்னையக் கடத்திட்டுப் போறீங்கன்னு போலீசு புடிக்கப் போவுதுங் மாமா.”

“நீ திங்கிற தீனிக்கு உன்னையக் கடத்துனா எனக்குக் கட்டுபடியாகுமா சாமி?”

பன்னிரண்டு வயதில் யாழினி போய்ச் சேர்ந்தாள். அவளைக் கடைசியாகத் தூக்கியதும் செங்கோடன்தான்.

டாக்டரம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார். இந்தக் குறை தாயிடம் ஒரு பாதி, தகப்பனிடம் ஒரு பாதி ஒளிந்திருந்து வருவது. ஒரு பாதி மட்டும் இருப்பவருக்கு உடம்பில் எதுவும் தெரியாது. அப்படிப்பட்ட இருவர் கட்டிக்கொண்டால் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. சொந்தத்துக்குள் கட்டுவதென்றால் முதலில் ரத்தம் பார்த்துவிடுங்கள் என்றார்.

அபிநயா படிப்பை முடித்தாள். செங்கோடன் தன் மகன் யோகேஷுக்கு அவளைக் கேட்டார். உரிமை அவருக்கு இருந்தது, உரிமையைவிடப் பெரிதாக இவர்கள் அவருக்குப் பட்ட நன்றிக்கடனும் இருந்தது. ரத்தம் பார்க்க வேண்டும் என்பதை அண்ணனிடம் “நீங்க சொல்லுங்க” என்று தமிழ்ச்செல்வி கணவனிடம் பலமுறை கெஞ்சினாள். “எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?” என்று ரமேஷ்குமார் தறிப்பட்டறைக்குள் போய்விடுவான். பெண்ணை உறுதி செய்யும் நாளும் வந்துவிட்டது. பழமும் வெற்றிலையும் புடவையும் வைத்த தட்டைச் செங்கோடன் நீட்டினார்.

“வாங்கு செல்வி, கை வலிக்குது.”

“அண்ணா, புள்ளைக ரெண்டு பேருக்கும் ரத்தம் பாத்துட்டு வாங்கிக்கறேனுங்.”

அண்ணிதான் முதலில் வாய் திறந்தாள். “ஏனுங், நாம என்ன சந்தைக்கு மாடு விக்கவா வந்தோம்? பல்லப் புடிச்சுப் பாக்கச் சொல்லுங்க!”

“எம்பையன் ரத்தத்துல என்ன கொறையக் கண்ட?” என்றார் செங்கோடன்.

“கொறை எங்கிட்ட இருக்குதுங்ண்ணா. கூடப் பொறந்த உங்ககிட்டயும் இருக்கலாம். உங்ககிட்ட இருந்தா யோகேசுகிட்டயும்...”

“யாழினியச் சொமந்த கையி இது. இதையத் தட்டியுடறியா?”

தட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியேறினார். அந்தப் பிள்ளை செத்ததற்குத் தன் ரத்தத்தையும் சாட்சிக்கு இழுத்ததாகத்தான் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும்.

யோகேஷ் தகப்பனிடம் சொல்லாமல் சேலத்துக்கு வந்தான். அபிநயாவோடு அவனும் ரத்தம் கொடுத்தான். சில வாரம் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டுச் சொன்னார்: இருவரிடமும் அந்தப் பாதி இருக்கிறது.

தமிழ்ச்செல்வியோடு இருவரும் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். யோகேஷ்தான் பேசினான். “அத்தை, எனக்குப் புடிக்கலைன்னு எங்கப்பங்கிட்டச் சொல்லிக்கறேன். உங்க பேரு இதுல வர வேண்டாம்.”

“பொய் சொன்னா உந்தம்பிக்கும் சொந்தத்துலயே பொண்ணு பாப்பாங்க சாமி. நானே வாரேன்.”

அன்று மாலையே அண்ணன் வீட்டுக்குப் போய், நின்றபடியே சொன்னாள். செங்கோடன் டிவியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

“உனக்கு அண்ணன் இல்லைன்னு வெச்சுக்க.”

“உங்க இஷ்டமுங்ண்ணா. சின்னவனுக்கும் ரத்தம் பாத்துருங்க.”

அபிநயாவுக்கு ராசிபுரத்தில் சொந்தமில்லாத இடத்தில் முடிந்தது. மாப்பிள்ளைக்கும் ரத்தம் பார்த்தார்கள். அவனிடம் இல்லை. கல்யாணத்தன்று தாய்மாமன் மாலை போட்டுப் பெண்ணை மேடைக்கு அழைத்துப் போகும் நேரம் வந்தது. மண்டப வாசலைப் பார்த்தபடி தமிழ்ச்செல்வி நின்றாள். ஐயர் அவசரப்படுத்தினார். செங்கோடனின் பங்காளி ஒருவர் மாலையை எடுக்கக் கை நீட்டினார்.

“மாமன் மொறைக்கு நான் போடறேனுங்க. யாரு போட்டா என்ன?”

“வேண்டாமுங். அது எங்கண்ணன் மாலை.”

மாலை, அண்ணனுக்காக வைத்திருந்த நாற்காலியிலேயே இருந்தது. வெறுங்கழுத்தோடு நின்ற மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தமிழ்ச்செல்வி மேடையேறினாள்.