குசினியில் பெய்த மழை

அப்பாவின் பழைய ஹோம் தியேட்டர் ரிசீவரையும் ஐந்து ஸ்பீக்கரையும் விற்கப் போட்டிருந்தேன். வாங்க வந்த பையன், "பின்னால வைக்கிற ரெண்டுலயும் சத்தம் வருதா அங்கிள்?" என்றான்.

தொண்ணூறுகளில், எங்கள் கிள்ளான் வீட்டில், அம்மா சமைத்துக்கொண்டே படம் கேட்கட்டுமென்று அந்த இரண்டையும் அப்பா குசினியில் மாட்டினார். அவற்றில் வசனம் வராது, மழையும் இடியும்தான் வரும் என்பது அவருக்குத் தெரியாது.

கடுகு தாளித்த கரண்டியோடு அம்மா கொடித்துணியை எடுக்க ஓடுவார். வெளியே வெயில் காயும். ஹாலில் நாங்கள் சிரிப்போம்.

"கதை புரியுதா?" என்று அப்பா ஹாலிலிருந்தே கேட்பார்.

"ம், நல்லாத்தான் போகுது," என்பார் அம்மா.

"நல்லா வரும் தம்பி," என்றேன், வாங்க வந்த பையனிடம். அம்மாவை எங்களோடு வந்து உட்காரச் சொல்ல அன்று யாருக்கும் தோன்றவில்லை.