தேங்காய் எண்ணெயில் ஒரு பிரெஞ்சுக் குடும்பம்

1933-இல், பினாங்கு ஜார்ஜ் டவுனில் நடந்தது இது. அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து நான் ஓய்வுபெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. எனக்குத் தெரியாத விதிமுறை கிடையாது. வீட்டில்தான் அவற்றைக் கேட்பார் யாருமில்லை. அந்த நிலையில்தான் எண்ணெய் வண்ண ஓவியம் கற்கத் துணிந்தேன்.

காரணம் என் மூத்த மகள். சிறுமியாக இருந்தபோது ஓர் ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து வண்ணப் படமொன்றைக் கத்தரித்து வைத்திருந்தாள். இம்ப்ரெஷனிஸ்ட் என்று சொல்லப்படும் பிரெஞ்சு ஓவியர்களில் ஒருவர் தீட்டிய குடும்பப் படம். சாய்ந்து அமர்ந்த தாய், பக்கத்தில் இரண்டு பெண்கள், காலடியில் ஒரு நாய். அந்தப் பெண்கள் தானும் தங்கையும் என்பாள். "அப்ப அது நானா? நான் என்னைக்குடி இப்படிச் சாஞ்சு உக்காந்தேன்?" என்பாள் என் மனைவி.

கல்யாணமாகி ரங்கூனுக்குப் புறப்படவிருந்த மகள், "அந்தப் படத்தைப் பெருசா வரைஞ்சு குடுங்கப்பா, வேற எதுவும் வேணாம்" என்றாள்.

வழிகாட்டி நூல் ஒன்று வாங்கினேன். படத்தின் மேல் கட்டம் போட்டு, எண் கொடுத்து, ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் ஓரத்தில் பென்சிலால் ஒப்பமிட்டேன். நடுவில் வண்ணம் குழைக்கும் ஆளிவிதை எண்ணெய் தீர்ந்தது, கடையிலும் இல்லை. நூலில் 'சுத்தமான தாவர எண்ணெய்' என்று மட்டுமே இருந்தது. தேங்காய் தாவரம். என் மனைவி காய்ச்சுவதைவிடச் சுத்தமான எண்ணெய் இந்தத் தீவில் இல்லை. பிரச்சினை தீர்ந்தது என்று அலுவலக வழக்கப்படி மனதுக்குள் ஃபைலை மூடினேன்.

சனிக்கிழமை கப்பல். வியாழன் காலையில் பார்த்தால் படம் சொட்டும் ஈரம். நாயின் முதுகில் எறும்பு வரிசை.

"படம் போட்டீங்களா, பலகாரம் சுட்டீங்களா?" என்றாள் மனைவி. மகள் சிரிக்கவில்லை. அதுதான் வலித்தது.

படத்தைத் தூக்கிக்கொண்டு, துறைமுகத்தருகே சம்பான் படகுகளுக்கு எண் எழுதும் தமிழ்ப் பெயிண்டரின் கொட்டகைக்கு ஓடினேன். அதுவரை அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"ஐயா, இது சமையல் எண்ணெய் லா! உங்க பேரன் கல்யாணத்துக்கும் காயாது. அப்பளம் வேணா பொரிக்கலாம்."

கூனிக் குறுகி நின்றேன். அவரோ ஒரு தகரத் தகட்டை எடுத்துச் சாய்த்து வைத்தார். "போட்டுக்கு அடிக்கிற பெயிண்ட்டு இருக்கு, சீக்கிரம் காஞ்சிடும். உக்காந்து போடுங்க."

நான் அளவுகோலை எடுத்தேன். அதைப் பிடுங்கிக்கொண்டார். "கோடு போட்டுக்கிட்டு இருந்தா கப்பல் போயிடும் ஐயா. பாருங்க, போடுங்க, அவ்வளவுதான்."

அந்தப் பெயிண்ட் தூரிகையிலேயே இறுகத் தொடங்கியது. யோசிக்க நேரமில்லை. தாயின் முகத்துக்கு நாலு தீற்று, பாவாடைக்கு மூன்று. நாய் சற்று ஆட்டுச் சாயலில் வந்தது. வெள்ளி மதியம் முடித்துவிட்டேன். காசு கொடுத்தால் வாங்க மறுத்து, தேநீரும் அவரே வாங்கிக் கொடுத்தார்.

மகள் தகட்டைச் சுவரில் சாய்த்துப் பின்னால் நகர்ந்தாள். "அப்பா, இதுதான்பா அது! முன்னே போட்டதுல எல்லாரும் போட்டோ எடுக்க உக்காந்த மாதிரி விறைச்சுக்கிட்டு இருந்தாங்க."

"தகரம்தானே. ரங்கூன்ல கூரை ஒழுகினாலும் உதவும்" என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள் மகள் அதை யாரிடமும் கொடுக்காமல் தானே மார்போடு அணைத்தபடி கப்பலேறினாள்.

கீழே இருப்பவரிடம் கேட்பது கௌரவக் குறைவு என்று உத்தியோகம் முழுவதும் நினைத்திருந்தவன் நான்; என் மகள் வயதுக்காரர் ஒருவர் "தள்ளி நின்னு பாருங்க ஐயா" என்று சொல்லச் சொல்லக் கேட்டு வேலை செய்த அந்த ஒன்றரை நாளில்தான் உண்மையாகவே ஓய்வுபெற்றேன் என்று இன்றும் நினைக்கிறேன்.