பந்திக்கு முன்னால் ஓர் அண்டா

நினைவு நாளுக்காக அக்காவைப் பற்றி எழுதும்போது "யாரிடமும் அதிர்ந்து பேசாதவர்" என்று சேர்க்கச் சொன்னார்கள் வீட்டில். சேர்க்க முடியாது. சேலத்துக் கல்யாண மண்டபங்களில் அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத சமையல்காரர் குறைவு.

அக்கா வாழப்பாடியில் பிறந்தார். எனக்கு ஆறு வயது மூத்தவர். சேலத்தில் லாரி புக்கிங் ஆபீஸில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தார். மாமா சீக்கிரமே இறைவனில் இளைப்பாறினார். பிள்ளைகள் இல்லை. அதைக் குறையாக அக்கா சொல்லி நான் கேட்டதில்லை.

மண்டபங்களில் மீந்துபோகும் சாப்பாட்டை ஊர் எல்லையில் உள்ள முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோவதை, வேலையில் இருந்தபோதே தொடங்கினார். கடைசிப் பந்தி முடிந்து மிஞ்சியதை வாங்க மாட்டார். முதல் பந்தி உட்காரும்போதே தலையை எண்ணி, மிஞ்சப்போவதைச் சூடாகத் தனி அண்டாவில் எடுத்துத் தந்துவிட வேண்டும். கல்யாண வீட்டாருக்கு இது பொறுக்குமா? சம்பந்தி வீட்டார் கை நனைக்கும் முன்னால் அண்டா வெளியே போவதா என்று முகம் சுளிப்பார்கள். நாலு மணிக்குக் கொடுப்பது தானம் இல்லை, மண்டபத்தைக் கழுவுவது என்று அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார்.

என் மகள் கல்யாணத்தில் அண்டா தருவதாக நானே வாக்குக் கொடுத்தேன். அதை நம்பி, அன்று உலை வைக்க வேண்டாம் என்று இல்லத்தில் சொல்லிவிட்டு, பன்னிரண்டு மணிக்கு ஆட்டோவோடு வந்து நின்றார் அக்கா. எருமப்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ் தாமதம். பத்தாமல் போனால் மானம் போய்விடுமே என்று எனக்குப் பயம். அவர்கள் சாப்பிடட்டும், பொறு என்றேன். நாலு மணிக்கு இரண்டு அண்டா மீந்திருந்தது. அக்கா மூடியைத் திறந்தார். தேங்காய் அரைத்து ஊற்றிய குருமா நுரைத்திருந்தது.

"முப்பது பேரு தட்டு வெச்சுட்டு உக்காந்திருக்காங்க, தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். கடையில் பன்னும் பழமும் வாங்கிக்கொண்டு போனார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம், எட்டு வருடம் இருந்தது. பிறகு மூளையில் ரத்தக்கசிவு. மூன்றே நாளில் அக்கா போய்விட்டார்.

முப்பதாம் நாள் திருப்பலியன்று, உலை வைக்க வேண்டாம், நான் கொண்டுவருகிறேன் என்று இல்லத்துக்குக் காலையிலேயே போன் செய்தேன். பதினொன்றரைக்குப் போனால் அங்கே அடுப்பில் சோறு கொதிக்கிறது. சமையல் பார்க்கும் அம்மா மரியாதையாகத்தான் சொன்னார்.

"உங்க அக்கா சொல்லியிருந்தா வெச்சிருக்க மாட்டோமுங்க. சொன்னது நீங்க. அதான் வெச்சுட்டோமுங்க."

செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அதற்குப் பிறகு முகூர்த்த நாள் தவறாமல் மண்டபம் மண்டபமாக ஏறி இறங்கி அண்டா கொண்டுபோனேன். ஒவ்வொரு முறையும் அங்கே உலை கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், பங்குத் தந்தைக்கும், கடைசி வரை ஆட்டோ ஓட்டியவருக்கும் எங்கள் நன்றி. இந்த முதலாண்டு நினைவு நாளைப் பற்றி இல்லத்தில் சமைக்கும் அம்மாவிடம் சொன்னபோது அவர் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரிங்க, அன்னைக்கு வெக்கலைங்க" என்றார்.

ஆகவே இன்று இல்லத்தில் உலை வைக்கவில்லை; நம் அண்டா போயிருக்கிறது. அவர்கள் சாப்பிட்டாயிற்று என்று போன் வந்த பிறகுதான் நமக்கு இலை போடுவார்கள். அதுவரை பசி பொறுத்திருக்கும் உறவினர், நண்பர் எல்லோருக்கும் என் நன்றி.